கால் டேங்க் பெட்ரோலும் நடுக்காட்டில் ஓர் இரவும்

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு வந்து எட்டு மாதங்களே ஆகியிருக்கும் நீங்கள், நவம்பரில் வரவிருக்கும் பெற்றோரை படுக்கையும் சமையலறையும் உள்ளேயே கொண்ட வாடகை ஆர்.வி. வண்டியில் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லப் போவதாகவும், முகாம் இடம் கிடைக்காவிட்டால் காட்டோரமாக வண்டியை நிறுத்தி ஓர் இரவைக் கழிப்பது பாதுகாப்பானதா என்றும் கேட்டிருந்தீர்கள். திருடரையும் கரடியையும் மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு முதன்முறையாகப் புறப்பட்டபோது எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு எங்கள் குடும்பத்தைப் போர்வையும் கையுமாக நடுக்காட்டில் நிற்க வைத்தது, வண்டிக்குள்ளேயே இருந்த பேட்டரி.

சட்டத்தைப் பொறுத்தவரை சிக்கல் ஏதுமில்லை. பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே டூசயான் என்ற சிற்றூரை ஒட்டியிருக்கும் கைபாப் தேசிய வனத்தில், அனுமதிக்கப்பட்ட மண்பாதைகளின் ஓரமாகக் கட்டணமின்றி 14 நாள் வரை தங்கலாம். வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான ஆர்.வி.யை ஓட்டச் சாதாரண உரிமமே போதும்.

நாங்கள் சென்றது அக்டோபர் மூன்றாம் வாரம். சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கும் ஃபீனிக்ஸில் வெயில் தணியாததால் அரைக்கைச் சட்டையோடு கிளம்பிவிட்டோம். 6,600 அடி உயரத்தில் இருக்கும் டூசயானில் அந்த மாதத்திலேயே இரவில் தண்ணீர் உறையும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. வழியில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் மளிகைக் கடைக்குள் நுழைந்த அம்மாவும் மனைவியும் வெளியே வர ஒன்றரை மணி நேரமானது; பொழுது சாய்ந்துவிட்ட பதற்றத்தில், பெட்ரோலைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முள் கால் டேங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணிக்கு, பைன் மரங்களுக்கிடையே இருட்டில் தடவித் தடவி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டுவிட்டு, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, மகள் படம் பார்த்து முடித்து, ஹீட்டரை 72 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டு உறங்கினோம்.

இரண்டரை மணிக்கு 'கீச், கீச்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்டது. தரையை ஒட்டிப் பொருத்தியிருந்த, புரோபேன் எரிவாயு கசிந்தால் எச்சரிக்கும் கருவி கத்திக்கொண்டிருந்தது. புரோபேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அதைக் கீழேதான் பொருத்துவார்கள். எரிவாயு கசிகிறது என்று நினைத்து அனைவரையும் எழுப்பி வெளியே இறக்கினேன். அப்பா மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு வேட்டியோடு நின்றார். அந்த நேரம் பார்த்து, மரங்களுக்குப் பின்னாலிருந்து சீழ்க்கையாகத் தொடங்கி உறுமலாக முடிந்த ஒரு குரல் எழும்பியது. அம்மா "முருகா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது இணைதேடும் பருவத்து ஆண் எல்க் மானின் குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. கிட்டே போகாதவரை அதனால் தொல்லையில்லை. பூங்காவின் விதிப்படி அதனிடமிருந்து 100 அடி தள்ளி நிற்க வேண்டும்.

சற்றுத் தொலைவில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் நெற்றியில் விளக்கோடு வந்தார். அழுகிய முட்டை வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார், இல்லை. பிறகு வோல்ட் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தார். முழுதாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 10.4 காட்டியது. கருவி கத்தியது வாயுவுக்காக அன்று, தனக்கு மின்சாரம் போதவில்லை என்பதற்காக. ஹீட்டர் புரோபேனில்தான் எரிகிறது என்றாலும், சூட்டை ஊதித் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு ஆம்பியர்-மணி குடிக்கும். எங்கள் வண்டியில் இருந்தது 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒரே ஓர் ஈய-அமிலப் பேட்டரி, அதிலும் பாதியைத்தான் நம்பிச் செலவிட முடியும். அந்தக் குளிரில் 72 டிகிரிக்காக விசிறி ஓயாமல் ஓடியதில் விடியும் முன்பே அது தீர்ந்துபோயிருந்தது.

ஜெனரேட்டரைப் போடப் போனேன். இருமியதே தவிரக் கிளம்பவில்லை. இவ்வகை வண்டிகளில் அது தனக்கான பெட்ரோலை வண்டியின் டேங்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது; ஆனால் உறிஞ்சும் குழாய் டேங்கின் அடிவரை இறங்காமல் ஏறக்குறைய கால் பங்கு மட்டத்திலேயே நின்றுவிடும். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஊருக்குத் திரும்பப் பெட்ரோல் இல்லாமல் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று இப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் வண்டியை ஒப்படைத்த வாடகை நிறுவனத்தார் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஞ்சினுக்கென்று தனிப் பேட்டரி இருந்ததால் பிழைத்தோம்: எஞ்சினை முக்கால் மணி நேரம் ஓடவிட்டதில் உள் பேட்டரியிலும் ஓரளவு ஏறி, ஹீட்டர் மறுபடி ஊதத் தொடங்கியது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும் என்பதால் அதுவரை ஒருவரும் கண்ணயரவில்லை. விடிந்தபோது முன்கண்ணாடியில் வெண்பனி உறைந்திருந்தது. அப்பா அதை நகத்தால் சுரண்டி மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே, நவம்பரில் பெரியவர்களோடு போகும் உங்களுக்கு நான் சொல்வது, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் டிரெய்லர் வில்லேஜில் இடம் பிடியுங்கள் என்பதுதான். அங்கே மின் இணைப்பு உண்டு, பேட்டரிக் கவலை இல்லை. இப்போது நிரம்பியிருந்தாலும் கடைசி வாரத்தில் ரத்தாகும் இடங்கள் வரும், தினமும் பாருங்கள். கிடைக்காமல் காட்டில்தான் தங்குவதென்றால், ஃபிளாக்ஸ்டாஃபில் டேங்கை நிரப்புங்கள், ஐந்து மணிக்குள் இடம் சேருங்கள், ஹீட்டரை 60 டிகிரிக்குக் குறைத்துக் கம்பளியை நம்புங்கள். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே பேட்டரி எத்தனை என்று கேட்டு, ஜெனரேட்டரை உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும்; முழங்கால் வலியுள்ள உங்கள் அப்பாவுக்குப் பின்பக்கக் கட்டிலை விட்டுவிட்டு நீங்கள் மேலே ஏறிக்கொள்ளுங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். கம்பளிகள் நான்கும், அந்தப் பயணம் முடிந்த மறுவாரமே நான் வாங்கிய வோல்ட் மீட்டரும் எங்கள் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன; வந்து எடுத்துச் செல்லலாம்.