எஸ்தோனிய ஈஸ்டரும் வெங்காயச் சருகும்

வணக்கம் ஐயா,

எஸ்தோனியாவின் தார்த்து நகரில் முதுகலை படிக்கிறேன். இங்கே பெரும்பாலானவர்களுக்கு மதமே கிடையாது. ஆனால் ஈஸ்டர் வந்தால் வீட்டுக்கு வீடு முட்டைக்குச் சாயமேற்றுகிறார்கள். நம்பிக்கை இல்லாத பண்டிகை வெறும் சடங்குதானே? நானும் வெங்காயச் சருகில் முயன்றேன். பாதி வெடித்தது, மீதியில் சேறு அப்பியதுபோல் இருந்தது. அடுத்த ஆண்டு கடைச்சாயம்தான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாவரச் சாயங்கள் பற்றி எழுதிக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

எஸ்தோனியாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 58 விழுக்காட்டினர் தமக்கு மதம் இல்லை என்றார்கள். சோவியத் காலத்தில் இந்தப் பண்டிகைக்கு விடுமுறையும் இல்லை. ஆனாலும் சமையலறையில் முட்டை வெந்துகொண்டுதான் இருந்தது. நம்பிக்கை பற்றி அவ்வளவுதான். முட்டையை வெடிக்கவிட்டுவிட்டு ‘வெறும் சடங்கு’ என்று பேசலாமா?

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை நேராகக் கொதிநீரில் போட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று விரியும், ஓடு தாங்காது. முந்தைய இரவே முட்டையை வெளியே எடுத்து வையுங்கள். வெள்ளை ஓடு முட்டையாகப் பார்த்து வாங்குங்கள், பழுப்பு ஓட்டில் சாயம் அவ்வளவாக எடுபடாது. வினிகர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். ஈர ஓட்டில் வோக்கோசு (பார்ஸ்லி) இலையோ பச்சரிசியோ ஒட்டுங்கள். அது மூடிய இடம் வெளிறி நிற்கும். மேலே இரண்டு மூன்று பெரிய சருகுகளைச் சுற்றி, பழைய நைலான் காலுறைத் துண்டில் போட்டு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். உங்கள் சேற்றுக்குக் காரணம் இந்தக் கட்டுதான். தளர்ந்திருந்தால் இலைக்கு அடியில் சாயம் புகுந்து உருவம் கலங்கிவிடும்.

தண்ணீரிலும் ஒரு கை சருகு போடுங்கள். குளிர்ந்த நீரில் தொடங்கி மெதுவாகச் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, முட்டைகள் மோதிக்கொள்ளும். சிறு தீயில் பத்து நிமிடம் போதும். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் அதே நீரில் ஆறவிடுங்கள். சிவப்பு வெங்காயச் சருகு போட்டால் சிவப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் கறுத்த பழுப்புதான் வரும். இரும்புச் சட்டியும் நிறத்தைக் கறுக்கடிக்கும். கட்டை அவிழ்த்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளக்கும். கடைச்சாயத்தில் இந்த இலை நரம்பு கிடைக்குமா?

குருத்தோலை ஞாயிறன்று ஓலைக்குப் பதில் அங்கே வில்லோ மரக் கொம்புகள், அதிலே பஞ்சுமொட்டுகள். தூங்குபவர்களை அதனால் மெல்லத் தட்டி எழுப்புவார்கள். கொம்பை நீரில் வைக்காதீர்கள், மொட்டு விரிந்து வீடெல்லாம் மஞ்சள் மகரந்தம் கொட்டும். ஊர் ஊஞ்சல் கட்டிய இளைஞர்களுக்குப் பெண்கள் முட்டை கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பாஸ்கா எனும் ஈஸ்டர் இனிப்புக்கு நன்றாக நீர் வடித்த பால்கட்டி வேண்டும், இல்லையென்றால் அச்சிலிருந்து கவிழ்த்ததும் சரிந்துவிடும்.

இருவர் முட்டைகளை மோதி எது உடையாது என்று பார்க்கும் ஆட்டத்தில் கூர்முனையை நீட்டுங்கள். அகன்ற முனைக்குள் காற்றறை இருப்பதால் அது சீக்கிரம் நசுங்கும். நுனி மட்டும் தெரியும்படி விரல்களால் பொத்திப் பிடியுங்கள். உடைந்ததை அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான சருகை இப்போதிருந்தே துணிப்பையில் சேருங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.