ஏர்போர்ட் ஸ்கேனரில் ஏறினால் உடம்பில் கதிர் கூடுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. குளச்சல் பக்கம். தைராய்டில் புற்றுநோய் என்று கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு ரேடியோ அயோடின் 100 மில்லிகியூரி கொடுத்து, தனி அறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். ஹூஸ்டனில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். நான் விமானம் ஏறும்போது அயோடின் கொடுத்துப் பத்து வாரம் ஆகியிருக்கும். இப்போது என் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறான். ஏர்போர்ட்டில் உடம்பை ஸ்கேன் செய்யும் மெஷினால் புற்றுநோய் வருமாம், ஐரோப்பாவில் அதைத் தடை செய்துவிட்டார்களாம். ஏற்கெனவே இவ்வளவு கதிர் ஏறிய உடம்பு இது. இன்னும் ஏறினால் தாங்குமா? மகள் வேறு போன மாதம் வயிற்றுப்பிள்ளையோடு அந்த மெஷினுக்குள் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். கடைசியாக ஒன்று, கேட்கவே பயமாக இருக்கிறது: பேரப்பிள்ளையை நான் தூக்கலாமா?

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகத் தூக்கலாம். மடியில் போட்டுக் குளிப்பாட்டலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். அயோடின் கொடுத்தபின் கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் விலகி இருக்கச் சொன்னது முதல் சில நாட்களுக்கு, மிஞ்சினால் இரண்டு மூன்று வாரங்களுக்கு. பத்து வாரம் என்பது அதையெல்லாம் எப்போதோ தாண்டிய கணக்கு.

இனி ஸ்கேனருக்கு வருவோம். நம் ஊரில் 'ஸ்கேன்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். கர்ப்பிணி வயிற்றில் பார்ப்பதும் ஸ்கேன், தலையில் அடிபட்டால் எடுப்பதும் ஸ்கேன், முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தாலும் ஸ்கேன். முதலாவது வெறும் ஒலி அலை. இரண்டாவது சிடி, அதில்தான் எக்ஸ்ரே இருக்கிறது. மூன்றாவது காந்தம். 'கதிர்வீச்சு' என்ற சொல்லும் அப்படித்தான். டியூப் லைட் வெளிச்சமும் கதிர்வீச்சு, புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் மெஷினிலிருந்து வருவதும் கதிர்வீச்சு. நாம் அஞ்சவேண்டியது, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் அளவுக்குச் சக்தி உள்ள கதிர்களுக்குத்தான். எக்ஸ்ரே, காமா போன்றவை அந்த வகை. மரபணுவைச் சேதப்படுத்த அவற்றால் முடியும்.

இன்று அமெரிக்க விமான நிலையங்களில், கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்றில் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்வார்களே, அதில் எக்ஸ்ரே கிடையாது. மில்லிமீட்டர் அலை என்று பெயர். ரேடியோ, செல்போன் அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, அலைநீளம் மட்டும் குறைவு. துணியைத் தாண்டும், தோலில் பட்டுத் திரும்பிவிடும். தோலுக்குள் இறங்கினாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். எலக்ட்ரானைப் பிய்க்கும் சக்தி அதற்கு இல்லவே இல்லை. நிற்பதும் சில விநாடிதான், அதன் திறனும் காதில் வைத்துப் பேசும் செல்போனைவிட மிக மிகக் குறைவு. தோலையே தாண்டாத அலை கர்ப்பப்பைக்குப் போக வழியில்லை, ஆகவே உங்கள் மகளுக்கும் பிள்ளைக்கும் அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியும் மனது ஒப்பவில்லை என்றால், 'மெஷின் வேண்டாம், கையால் சோதித்துக்கொள்ளுங்கள்' என்று அங்கே பொதுவாகச் சொல்லலாம். பெண் அதிகாரி வந்து தடவிப் பார்ப்பார்.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த செய்தி அது. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போகும் விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தை ஒளித்துவைத்து வெடிக்கப் பார்த்தான். அதற்குப் பிறகு அமெரிக்கா அவசர அவசரமாக இந்த ஸ்கேனர்களை வாங்கிக் குவித்தது. அவற்றில் ஒரு வகை நிஜமாகவே எக்ஸ்ரேயைப் பயன்படுத்தியது. உடம்பை ஊடுருவிப் படம் எடுக்காமல், தோலில் பட்டுச் சிதறித் திரும்பும் எக்ஸ்ரேயை வைத்துப் படம் காட்டியது. 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிலர் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். 'கதிரளவை உடம்பு முழுவதற்கும் பங்கிட்டுக் கணக்கு சொல்கிறீர்கள், ஆனால் அது பெரும்பாலும் தோலில்தானே இறங்குகிறது' என்பது அவர்கள் வாதம். விவரம் தெரிந்தவர்கள் கேட்ட நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் எக்ஸ்ரே வகைக்கு இடம் கொடுக்க மறுத்தது. உங்கள் அண்ணன் மகன் சொல்லும் 'தடை' இதுதான். மில்லிமீட்டர் அலை வகையை அங்கேயும் அனுமதித்தார்கள்.

2013இல் அமெரிக்காவும் அந்த எக்ஸ்ரே மெஷின்களை விமான நிலையங்களிலிருந்து எடுத்துவிட்டது. காரணம் கதிர்வீச்சு அல்ல என்பதுதான் வேடிக்கை. அவை ஆளின் உடம்பைத் துணியில்லாமல் பார்த்த மாதிரி படம் காட்டின. அதற்குப் பதிலாகப் பொதுவான ஒரு பொம்மை உருவம் மட்டும் தெரியும்படி மென்பொருளை மாற்றச் சொன்னார்கள். தயாரித்த நிறுவனத்தால் குறித்த கெடுவுக்குள் முடியவில்லை. மெஷின் போய்விட்டது, அதைப் பற்றிய பயம் மட்டும் போன் விட்டுப் போன் தாவிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பழைய மெஷினே எவ்வளவு கொடுத்தது தெரியுமா? அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அளந்து பார்த்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு முறை ஸ்கேன் செய்தால் கிடைக்கும் கதிர், விமானம் உயரத்தில் பறக்கும்போது 12 விநாடியில் கிடைப்பதற்குச் சமம். தரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் அவ்வளவு வந்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருந்தால் எங்கிருந்து கதிர் வரும் என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிர்ப்பொருள் இருக்கிறது. உலகத்தில் சராசரி மனிதனுக்கு இயற்கையிலிருந்து வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) கிடைக்கிறது என்றால், கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையின் சில இடங்களில் அதைப்போலப் பல மடங்கு. அங்கே வாழும் மக்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. உங்கள் தைராய்டு நோய்க்கும் மணலைக் குற்றம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

விமானத்தில் கிடைப்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே போகப்போகக் காற்று மெலிந்துவிடுவதால் விண்வெளிக் கதிர்கள் கொஞ்சம் கூடுதலாக வந்து சேரும். மணிக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட்). திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக ஹூஸ்டனுக்கு இருபது மணி நேரம் பறக்கிறீர்கள் என்று வைத்தால், போய்வர மொத்தம் 0.2 மில்லிசீவர்டுக்குள். ஒரு மாதம் வீட்டில் இருந்தாலே அவ்வளவு கிடைத்துவிடும். விமானிகளும் பணிப்பெண்களும் வாழ்நாள் முழுக்கப் பறப்பவர்கள் என்பதால் அவர்களுக்குத் தனிக் கணக்கு வைக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. ஸ்கேனருக்குப் பயந்துகொண்டு விமானத்தில் ஏறுவது, தூறலுக்குக் குடை பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குகிற கதை. அந்தக் குளமும் கணுக்கால் ஆழம்தான்.

'ஏற்கெனவே கதிர் ஏறிய உடம்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். கதிர் உடம்பில் தண்ணீர் மாதிரி தேங்குவதில்லை. அறையில் விளக்கை அணைத்தால் வெளிச்சம் எங்காவது மூலையில் தங்குமா? எக்ஸ்ரேயும் அப்படியே. அது செல்களில் செய்யும் சிறு சேதத்தின் வாய்ப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும் என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் தேவையில்லாமல் சிடி எடுக்காதீர்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறோம். (ஏர்போர்ட் ஸ்கேனருக்குப் பயப்படும் பலர் சாதாரணத் தலைவலிக்கு 'எதற்கும் ஒரு சிடி எழுதுங்கள் டாக்டர்' என்று கேட்கிறார்கள்.)

ஆனால் அயோடின் சிகிச்சை வேறு மாதிரி. அங்கே வெளிச்சம் மட்டும் உங்கள் மேல் படவில்லை, விளக்கையே விழுங்கியிருக்கிறீர்கள். அயோடின்-131 என்ற அந்த விளக்கின் திரி எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். பத்து வாரத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை பாதியாகிவிடும், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. உங்களுக்குத் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டதால், பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் போயிருக்கும். மிச்சம் இருப்பது அதைவிடவும் வெகு குறைவு. பேரப்பிள்ளைக்கு அது ஒன்றுமே இல்லை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் கருவிக்கு அது ஒன்றாகத் தெரியலாம். நீங்கள் கேட்காத விஷயம் இது, உங்கள் பயணத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியதும் இதுதான். மில்லிமீட்டர் அலை ஸ்கேனருக்கு உங்கள் உடம்பில் உள்ள அயோடின் தெரியவே தெரியாது. ஆனால் அமெரிக்காவில் இறங்கியதும் இமிக்ரேஷன், சுங்கம் பக்கம் நிற்கும் அதிகாரிகள் இடுப்பில் பேஜர் அளவில் ஒரு கருவி வைத்திருப்பார்கள். கடத்தி வரும் அணுப்பொருளைக் கண்டுபிடிக்க வைத்திருப்பது. மிக நுட்பமானது, துளி கதிரைக்கூட மோப்பம் பிடிக்கும். அயோடின் சிகிச்சை எடுத்தவர்கள் 95 நாள் வரைகூட இப்படிப்பட்ட கருவிகளை ஒலிக்க வைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு 70 நாள்தான் ஆகியிருக்கும். மெஷின் உங்களுக்குக் கதிர் கொடுத்துவிடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், அங்கே மெஷின் உங்களைப் பார்த்துக் கத்தப்போகிறது!

இது நடக்காத கதை இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்ததற்காக 20 மில்லிகியூரி அயோடின் வாங்கிய ஒருவரை, மூன்று வாரம் கழித்து நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் போலீஸ் இரண்டு முறை பிடித்து வைத்து, உடையைக் களைந்து சோதித்த சம்பவம் 2002இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் விழுந்ததற்கு அடுத்த காலம் அது. இப்போது அவ்வளவு கலவரம் இருக்காது. கருவி ஒலித்தால் இன்னொரு கருவியைக் கொண்டுவந்து எந்தக் கதிர்ப்பொருள் என்று பார்ப்பார்கள். மருத்துவத்துக்கானது என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள். ஆனால் இருபது மணி நேரம் பறந்து வந்த களைப்பில், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராமல், தனியாக ஓர் அறையில் உட்காருவது யாருக்கும் சுகமாக இருக்காது.

ஆகவே சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கொடுத்த மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி, கேட்டால் உறுதிப்படுத்தக்கூடிய போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கட்டும். அவர்களுக்கு இது புதிதல்ல, கேட்டால் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்றையும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டு அங்கே போய்த் தேடக்கூடாது. மகளுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். யாராவது கேட்டால், மறைக்காமல் 'தைராய்டு, மெடிக்கல்' என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினால் போதும்.

சேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொசுவமும் முந்தானையும் கொண்டையும் அந்த ஸ்கேனருக்குப் புதிர். மடிப்பு அதிகமாக இருந்தால் பொம்மை உருவத்தில் அந்த இடத்தில் மஞ்சள் கட்டம் காட்டும். பெண் அதிகாரி வந்து தடவிப் பார்ப்பார். அதை வைத்து 'உடம்பில் என்னவோ இருக்கிறதாமே' என்று பதறாதீர்கள், துணி மடிப்புத்தான். அந்தப் பயணத்துக்கு மட்டும் சுடிதார் போட்டுக்கொள்ள முடிந்தால் வேலை சுலபம். மறைவான இடத்தில் சோதிக்கச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. திருவனந்தபுரத்தில் நீங்கள் நுழையும் கதவு மாதிரியான மெட்டல் டிடெக்டரும், திரைக்குப் பின்னால் பெண் காவலர் கையில் வைத்திருப்பதும் காந்தப்புலத்தில் வேலை செய்பவை. அதிலும் எக்ஸ்ரே இல்லை.

பையை அனுப்பும் பெல்ட்டில் மட்டும் எக்ஸ்ரே உண்டு. பை போய் மாட்டிக்கொண்டால் ரப்பர் திரைக்குள் கையை விட்டு இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே போய்வரும் மாத்திரை, ஊறுகாய், பிரசவ மருந்து எதற்கும் அதனால் கெடுதல் இல்லை.

தைராய்டுக்குப் பதிலாகப் போடும் தைராக்சின் மாத்திரையைக் கைப்பையில், சீட்டோடு வையுங்கள். புற்றுநோய் வந்துபோன உடம்பு என்பதால் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பைத்தான் நான் ஸ்கேனரைவிட அதிகம் யோசிப்பேன். மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். போவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹூஸ்டன் போனதும் நம் ஊர் நேரத்தைப் பார்த்து நடுராத்திரியில் எழுந்து மாத்திரை போட வேண்டாம். அங்கே விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் காபி குடிக்கலாம். கால்சியம் மாத்திரையும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள்.