ஓல்டு டிராஃபோர்டில் முதல் வரிசை எதற்கு?

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் மகன், நாங்கள் வரும்போது மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஒரு ஃபுட்பால் மாட்ச் பார்க்கலாம் என்கிறான். கணவருக்கு முழங்கால் வலி. ஓர் இணையதளத்தில் 'ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டு, முன்வரிசை' என்று மூன்று டிக்கெட் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இடமும் சரியில்லை, விற்கிற ஆளும் சரியில்லை.

முன்வரிசை கச்சேரிக்குச் சரி. இங்கே மைதானம் 105 மீட்டர் நீளம், ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டு ஒரு கோலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாண்டு. அங்கே தாழ்வாக உட்கார்ந்தால் எதிர்க் கோலில் நடப்பது கால்களின் கூட்டமாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு புல்தரை சுற்றுப்புறத்தைவிட மேடு, கண்ணுக்கு நேரே பூட்ஸ்தான். மழை வந்தால் நனையவும் வேண்டும்.

அதைவிட முக்கியம், ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டில் உட்கார மாட்டார்கள். டிக்கெட்டில் சீட் எண் இருக்கும், சீட்டும் இருக்கும், ஆனால் முன்னால் இருப்பவர் எழுந்து நின்றால் நீங்களும் நின்றாக வேண்டும், 90 நிமிடமும். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் சீட் என்று சட்டமாக்கினார்கள், ரசிகர்கள் சீட்டின் முன்னாலேயே நின்றார்கள், கடைசியில் 2022இல் கம்பி வைத்த பகுதிகளில் நிற்க அனுமதியே கொடுத்துவிட்டார்கள். எதிரணி ரசிகர்களின் பகுதியிலும் இதே கதைதான். உங்கள் கணவருக்கு இரண்டுமே ஆகாது.

இப்போது அந்த இணையதளம். இங்கிலாந்தில் ஃபுட்பால் டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம். குற்றவாளி விற்பவன்தான், ஆனால் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள். பலர் அடுத்தவருடைய உறுப்பினர் கணக்கில் இருக்கும் டிக்கெட்டைத்தான் போனில் தள்ளிவிடுகிறார்கள். கிளப் உறுப்பினராகி நேரடியாக வாங்குங்கள். அதுவும் பெரிய சுகமில்லை, கட்டணம் கட்டினால் கிடைப்பது டிக்கெட் இல்லை, டிக்கெட் கேட்கிற உரிமை மட்டும்தான்! எரிச்சலாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

இடம்? நீளப் பக்கம், நடுக்கோட்டுக்குக் கிட்டே, ஓரளவு மேலே. வடக்கில் மூன்று அடுக்கு, உச்சிக்குப் போனால் ஆட்டம் வரைபடம் மாதிரி தெளிவாகத் தெரியும், ஆனால் படியேற வேண்டும். தெற்கில் பாபி சார்ல்டன் ஸ்டாண்டு, பின்னால் ரயில் பாதை இருப்பதால் ஒரே அடுக்கோடு நிற்கிறது, அதனால் படியும் குறைவு. நடைபாதை ஓர சீட்டாகக் கேளுங்கள். மூன்றும் சேர்ந்து கிடைக்காவிட்டால் இரண்டும் ஒன்றுமாக எடுத்து, அந்த ஒற்றையை மட்டும் ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டில் வாங்கி மகனிடம் கொடுங்கள். அவனுக்கு வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும்.