பிகெமோத், காண்டாமிருகம், தகசு – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். யோபு 40-ஆம் அதிகாரத்தில் வரும் பிகெமோத் டைனோசர்தான் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து விடாமல் கேட்கிறார்கள். நீர்யானை என்று சொன்னேன். “கேதுரு மரம் மாதிரி வால் நீர்யானைக்கு ஏது?” என்று மடக்கிவிட்டார்கள். அடுத்த அதிகாரத்தில் வரும் லிவியாதான் முதலையா? இஸ்ரவேல் நாட்டில் காண்டாமிருகம் இருந்ததா? வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் மேல் போட்ட தகசுத்தோல் எதனுடைய தோல்? விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சார்ட் தயாரிக்கிறோம், எந்தப் படத்தை ஒட்டுவது என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகள் கை வைத்தது சரியான இடத்தில்தான். நீர்யானை என்று எழுதுகிறவர்கள் அந்த வால் வரியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நீர்யானையின் வால் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். யானை என்று மாற்றிச் சொன்னாலும் கயிறு போன்ற வால்தான்.

ஆனால் ஒரு வரியை வைத்து மிருகத்தை முடிவுசெய்ய முடியாது. மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மண்ணில் அந்தக் காலத்து எலும்பு கிடைத்திருக்கிறதா? அக்கம்பக்கத்து ராஜ்யங்கள் அதை வரைந்தோ எழுதியோ வைத்திருக்கின்றனவா? வசனம் சொல்லும் நடத்தை பொருந்துகிறதா? நீங்கள் கேட்ட நான்கில் மூன்றுக்கும் ஒத்துவருவது ஒன்றுதான். அது பிகெமோத் இல்லை, ‘காண்டாமிருகம்’ என்று நம் வேதாகமத்தில் இருப்பது.

முதலில் பிகெமோத். எலும்பு இருக்கிறது. இன்றைய டெல் அவிவுக்குள்ளேயே, யார்கோன் ஆற்றங்கரையில் உள்ள டெல் கசீலே மேட்டில், இரும்புக்கால அடுக்குகளில் நீர்யானை எலும்பு கிடைத்தது. கரையோரச் சமவெளியின் ஆறுகளிலும் சதுப்புகளிலும் அது அப்போது வாழ்ந்திருக்கிறது. துருக்கிக் கரையருகே உலுபுருனில் மூழ்கிய, கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கில் நீர்யானைப் பற்கள் பத்துக்கு மேல் இருந்தன. தந்தச் செதுக்கலுக்கு யானைத் தந்தத்தோடு அதுவும் விலைபோனது.

நடத்தையும் சேர்கிறது. புல் தின்கிறது, நாணல் மறைவில் சேற்றில் படுக்கிறது, ஆறு பெருகி வாய்மட்டும் வந்தாலும் பதறுவதில்லை. நீர்யானையின் கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல்மட்டத்தில் இருக்கின்றன. உடல் முழுக்க நீருக்குள் இருக்க, அவை மட்டும் வெளியே தெரியும். பகலெல்லாம் தண்ணீர், இரவில் கரையேறி மேய்ச்சல். 24-ஆம் வசனம் அதன் கண்ணெதிரே பிடித்து மூக்கைக் குத்த யாரால் முடியும் என்று கேட்கிறதே, அது எகிப்தியர் நீர்யானை வேட்டையாடிய விதத்தை அறிந்தவர் கேட்கும் கேள்வி. சக்காராவில் ‘தீ’, ‘மெரெருகா’ என்ற எகிப்திய அதிகாரிகளின் கல்லறைச் சுவர்களில் அந்த வேட்டையைக் காணலாம். நாணல் படகில் நின்று, கயிறு கட்டிய எறியீட்டியை வீசுவார்கள். முனை சதைக்குள் தங்கிவிடும், தடி கழன்றுகொள்ளும். மிருகம் மூழ்கினாலும் சில நிமிடத்தில் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வந்ததும் அடுத்த ஈட்டி. இப்படிக் கயிறுகளைச் சேர்த்துக்கொண்டே போய்க் களைக்கவைத்து இழுப்பார்கள். ஒற்றை ஆளாகக் கிட்டே போனால் படகோடு போக வேண்டியதுதான்.

இனி வால். அந்த வரியில் வரும் எபிரேய வினை அபூர்வமானது. வளைக்கிறது என்பாரும் விறைக்கிறது என்பாரும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள வரிகள் இடுப்பின் பலத்தையும் எலும்பின் உறுதியையும் பேசுகின்றன, எலும்பு வெண்கலக் குழாய் போல இருக்கிறதாம். வெண்கலத்தை உவமை என்று எடுத்துக்கொண்டு கேதுருவை மட்டும் அளவுநாடாவால் அளப்பது நியாயமில்லை. ‘வால்’ என்பது ஆண்குறிக்கு இடக்கரடக்கல் என்று கருதும் உரைகாரர்களும் இருக்கிறார்கள். அதை ஒன்பதாம் வகுப்பில் சொல்லச் சொல்ல மாட்டேன்.

டைனோசருக்குப் பதில் சொல்லும்போது ஒரு தவறான வாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். “டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது” என்று பலர் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவங்களில் புல்லின் சிலிக்கா துகள்கள் இருப்பது 2005-இல் வெளியாகிவிட்டது. பிள்ளைகள் கூகுளில் தேடிப் பிடித்துவிடுவார்கள். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தன என்பது ஒருபுறம் இருக்கட்டும், வசனத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. இருபது மீட்டர் நீள மிருகம் நாணல் மறைவில் ஒளிந்து படுக்க முடியாது.

‘காண்டாமிருகம்’ விஷயம் இன்னும் தெளிவு. எபிரேயத்தில் ‘ரேம்’. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஒற்றைக்கொம்பன் என்று போட, அங்கிருந்து காண்டாமிருகம் வந்து சேர்ந்தது. ஆனால் உபாகமம் 33:17-இல் ஒரே ரேமுக்குக் கொம்புகள் என்று பன்மை வருகிறது. இது ஆரோக்ஸ் எனப்படும் காட்டெருது, நாம் வளர்க்கும் மாடுகளின் மூதாதை. நம் மலைக்காடுகளின் காட்டெருமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதன் எலும்புகளும் இஸ்ரேல் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அசீரிய மன்னன் முதலாம் திக்லத்-பிலேசர் 4 காட்டெருதுகளை வில்லால் கொன்று, தோலையும் கொம்பையும் அசூர் நகருக்குக் கொண்டுவந்ததாகக் கல்வெட்டில் பெருமையடிக்கிறான். அசீரிய மொழியில் அதன் பெயர் ‘ரீமு’. இரண்டாம் அசூர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனைப் புடைப்புச் சிற்பத்தில் தேரிலிருந்து திரும்பி அதன் கொம்பைப் பிடித்துக் குத்தும் காட்சியே இருக்கிறது.

நடத்தைக்கு யோபு 39:9–12 போதும். அது உன் முன்னணையில் இராத் தங்குமா, உனக்குப் பின்னே பரம்படிக்குமா, உன் தானியத்தைக் களத்தில் கொண்டுவந்து சேர்க்குமா? தொழுவத்து எருது செய்கிற வேலையாக ஒவ்வொன்றையும் எடுத்துக் கேட்கிறது அந்தப் பகுதி. அதே உருவம், ஆனால் நுகத்துக்கு அடங்காதது என்றால்தான் கேள்விக்குக் கூர்மை. காண்டாமிருகத்தை ஏரில் பூட்டலாம் என்று எவனும் நினைத்ததில்லை, அதனிடம் இதைக் கேட்பதில் அர்த்தமும் இல்லை.

லிவியாதானை முதலை என்று முடிக்க எனக்கு மனமில்லை. முதலை அங்கே இருந்தது, செசரியாவுக்கு வடக்கே தனினிம் ஓடையில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தாக்குப்பிடித்தது. தூண்டிலுக்குச் சிக்காதது, ஈட்டி இறங்காத முதுகு, இடைவெளி விடாத செதில் வரிசை எல்லாம் முதலைதான். வயிற்றின் கீழ் கூரான ஓட்டுச்சில்லு என்கிற வரி மட்டும் இடிக்கிறது. நைல் முதலையின் முதுகில்தான் எலும்புத் தகடுகள், வயிற்றுத்தோல் மெத்தென்று இருக்கும், தோல் வியாபாரிகள் தேடுவதும் அதைத்தான். வாயிலிருந்து நெருப்பு வருவதற்கோ எந்த மிருகமும் உதவாது. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுத்த உகாரித் களிமண் பலகைகளில், பாகால் தேவன் அடித்து வீழ்த்தும் ‘லீதான்’ என்ற ஏழுதலைச் சர்ப்பம் வருகிறது. ‘ஓடும் சர்ப்பம், கோணலான சர்ப்பம்’ என்ற அதன் அடைமொழிகள் ஏசாயா 27:1-இல் லிவியாதானுக்கு அப்படியே இருக்கின்றன. பழைய கடல் அரக்கனுக்கு யோபின் கவிஞர் முதலையின் உடம்பைக் கொடுத்திருக்கிறார் என்பதே என் எண்ணம்.

தகசு கடினம். கடல்பசு என்ற கருத்துக்கு ஆதரவு அதிகம். நம் பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்கிறோமே, அதே இனம் செங்கடலிலும் உண்டு. 1830-களில் ஜெர்மானிய இயற்கையாளர் ரூப்பெல், ஆசரிப்புக் கூடாரத்தை மூடியது இதுதான் என்று நம்பி, செங்கடல் கடல்பசுவுக்குக் கூடாரத்தின் பெயரையே வைத்தார். எசேக்கியேல் 16:10-இல் தகசுத்தோல் காலணி வருவதும் தடித்த தோலுக்குப் பொருந்தும்.

கணக்குதான் உதைக்கிறது. யாத்திராகமம் 26-இன்படி ஆட்டுமயிர் மூடுதிரை 30 முழ நீளமும் 4 முழ அகலமுமாக 11 விரிப்புகள். முழத்துக்கு 45 செ.மீ. வைத்தால் ஏறக்குறைய 267 சதுர மீட்டர். தகசுத்தோலுக்கு அளவு கொடுக்கப்படவில்லை, மேலே போடுவது என்பதால் அதே பரப்பு என்று கொள்வோம். கடல்பசுத் தோல் 2 செ.மீ. அளவுக்குத் தடிமன். அப்படியே போட்டால் 5 டன்னுக்குக் குறையாது. ஒரு கடல்பசுவில் 4 சதுர மீட்டர் தோல் தேறும் என்று தாராளமாக வைத்தாலும் 65-க்கு மேல் பிடித்திருக்க வேண்டும். இதைச் சுமக்க வேண்டிய கெர்சோன் புத்திரருக்கு எண்ணாகமம் 7:7 கொடுப்பது 2 வண்டி, 4 மாடு. மற்ற திரைகளும் அதே வண்டிகளில்தான். 3 மி.மீ. அளவுக்குச் சீவினால் 800 கிலோவாகக் குறையும், ஆனால் அப்படிச் சீவியபின் கடல்பசுத் தோலின் சிறப்பு என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு, செட்டையும் செதிலும் இல்லாத நீர்வாழ்வன அருவருப்பு என்கிறது லேவியராகமம் 11.

பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதை மிருகமாகவே எடுக்கவில்லை, நீலச்சாயத் தோல் என்கிறது. மெசொப்பொத்தாமிய ஏடுகளிலும் ‘துஷு’ என்ற பெயரில் சாயமேற்றிய ஆட்டுத்தோல் உண்டு. என் சாய்வு அந்தப் பக்கம்.

ஆகவே சார்ட்டில் தகசுக்கு மிருகப் படம் வேண்டாம், ஒரு துண்டு நீலத் தோலை ஒட்டுங்கள். பிகெமோத்துக்கு நீர்யானை, வால் வரியை மறைக்காமல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். லிவியாதானுக்கு முதலையையும் பல தலைச் சர்ப்பத்தையும் சேர்த்தே வையுங்கள், சங்கீதம் 74:14-இன் எபிரேயத்தில் அதற்குத் ‘தலைகள்’ என்றே இருக்கிறது. ரேமுக்கு ஆரோக்ஸ் படம் தேடும்போது ஸ்பானிய சண்டைக்காளையின் படமும் வந்து விழும். தோள் உயரம் ஆறடியை நெருங்க வேண்டும், காளை கருமை, முதுகெலும்பு நெடுக வெளிறிய கோடு, கொம்பு முன்னோக்கி வந்து உள்பக்கம் வளைய வேண்டும். பசு செம்பழுப்பு.