பொலிவியாவின் பொட்டோசிக்கு முதுகுப்பையோடு தனியாகப் போகலாமா? அங்கே இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் இறங்குவது சரியா?

போகலாம், அவசியம் போங்கள். ஆனால் ஒரு ராத்திரி தங்கி, காலையில் சுரங்க டூர், மதியம் உயூனி உப்புவெளிக்கு பஸ் என்று திட்டம் போடாதீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன், கடைசியில் நாலு நாள் இருந்தேன்.

ஊர் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரேயில் மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அப்படியும் முதல் நாள் பையோடு ஒரு தெரு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் இறங்கியதும் டாக்சி பிடித்துவிடுங்கள், அன்றைக்கு கோகா இலை டீயும் லேசான சாப்பாடும் போதும். தலைவலி விடாமல் வாந்தியும் வந்தால் பிடிவாதம் வேண்டாம், சுக்ரேக்கே திரும்பிவிடுங்கள். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், அப்போது போனால் ராத்திரிக் குளிர் எலும்பு வரை போகும்.

எந்தத் தெருவில் நின்றாலும் கோடியில் அந்த மலை தெரியும். ஸ்பானியர் வைத்த பெயர் செர்ரோ ரிக்கோ, செல்வ மலை. 1545-இல் அங்கே வெள்ளி கிடைத்தது, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த உயரத்தில் ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. 1570-களில் ஸ்பானிய ஆளுநரான வைஸ்ராய் தொலேதோ கொண்டுவந்த 'மீத்தா' என்ற கட்டாய உழைப்பு முறைப்படி, பல மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்து வந்து உழைத்தாக வேண்டும். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம், அதன் நஞ்சு வேறு.

சுரங்கத்துக்குள் இறங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இன்றும் வேலை நடக்கிற இடம், கூட்டுறவுச் சங்கங்களின் ஆட்கள் ஈயமும் துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளியும் எடுக்கிறார்கள். நான் இறங்கினேன். முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர்தான் கூட்டிப்போனார். வழியில் தொழிலாளர் சந்தையில் கோகா இலை, குளிர்பானம், ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டோம், அதே கடையில் டைனமைட்டும் விற்கிறார்கள். உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும், தூசி தொண்டையில் ஒட்டும். திடீரென்று முன்னால் இருந்து ஒரு கூச்சல், சுவரோடு ஒட்டி நின்றோம், கல் நிரம்பிய இரும்பு வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு நாலு பேர் கடந்தார்கள். கடைசி ஆளுக்கு இருபது வயதுகூட இருக்காது. வெற்றிலை அடக்கியது மாதிரி ஒரு கன்னம் கோகாவால் புடைத்திருந்தது, கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது. நான் கொடுத்த புதுக் கையுறையை அவர் போட்டுக்கொள்ளவில்லை, மடித்து சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தத் தூசிதான் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயாகி அவர்களை இளம் வயதிலேயே கொல்கிறது. அதனால் வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் போகாதீர்கள். உங்களுக்காக வெடி வெடித்துக் காட்டுகிற டூர் கண்டிப்பாக வேண்டாம், கேட்காமல் யாரையும் படம் எடுக்கவும் வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் இறங்கவே கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் குடைந்ததில் மலையின் உச்சியே சரிந்துகொண்டிருக்கிறது, 2014-இல் யுனெஸ்கோ இந்த ஊரை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், சுரங்கத்தைப் பார்த்த பிறகு வெள்ளி நாணயம் அடித்த பழைய தங்கசாலைக்குப் போங்கள், காசா தே லா மொனேதா, இப்போது அது அருங்காட்சியகம். என்னைக் கேட்டால் இந்த வரிசை முக்கியம். மேல்தளத்தில் வெள்ளிக் கட்டிகளைத் தகடாக்கிய பெரிய மரப் பல்சக்கரங்கள் அப்படியே நிற்கின்றன, அவற்றைச் சுழற்ற கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி நடந்திருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நாணயங்களை விட அந்தக் கீழ்த்தளத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

கிளம்புகிற அன்று காலையில் சந்தைப் பக்கம் கலாபுர்கா சாப்பிடுங்கள். சோளமாவில் செய்யும் கெட்டியான சூப், பரிமாறும்போது பழுக்கக் காய்ந்த எரிமலைக் கல் ஒன்றைக் கிண்ணத்துக்குள் போடுவார்கள், மேஜைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குளிருக்கு அவ்வளவு இதமாக இருந்தது.