சன்னல் விளிம்பில் தொங்கும் மனிதர்கள்: அந்தப் படம் உண்மையா?

"லண்டனில் ஒரு வீட்டுச் சுவரில் ஆட்கள் சாதாரணமாகத் தொங்குகிறார்கள், இது எடிட் செய்த படமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது உண்மையான படம்தான். அர்ஜென்டினக் கலைஞர் லியான்ட்ரோ எர்லிச் 2013இல் ஹாக்னி பகுதியில் அமைத்த 'டால்ஸ்டன் ஹவுஸ்'.

வீட்டின் முகப்பைச் செய்து தரையில் மல்லாத்திப் போட்டிருந்தார். அதன் வாசல்படிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கண்ணாடி 45 டிகிரி சாய்வில் முகப்பின் மேல் கவிழ்ந்து நின்றது. அந்தக் கோணத்தில் தரையில் கிடக்கும் முகப்பு செங்குத்துச் சுவராகப் பிரதிபலிக்கும். கண்ணாடியின் அடியிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவர், பிம்பத்தில் 3 மீட்டர் உயரத்தில் தெரிவார்.

சரி, கண்ணாடி என்று தெரிந்தும் ஏன் ஏமாறுகிறோம்? கதவு, சன்னல், படிக்கட்டு என்றாலே நிமிர்ந்து நிற்கும் வீடு என்பது மூளைக்குப் பழகிப்போன கணக்கு. அதை வைத்தே எது மேல், எது கீழ் என்று முடிவுகட்டிவிடுகிறது. அப்புறம் அங்கே படுத்திருப்பவர் விழப்போகிறவராகத்தான் தெரிவார்.

எனக்கு மிகவும் பிடித்தது, பார்க்க வந்தவர்களே படைப்பை முடித்துவைப்பது. ஆளில்லாவிட்டால் அது வெறும் வீட்டுப் பிம்பம். ஒருவர் விளிம்பைப் பிடித்துக் காலை மடக்கினால் போதும், நமக்கு வயிற்றைக் கலக்கும். கூர்ந்து பார்த்தால் தலைமுடி காட்டிக்கொடுக்கும்: அது கீழே தொங்காமல் சுவரோடு ஒட்டிக்கிடக்கும்.