அத்தை எங்கே வெளியே போகப்போகிறார்?

கேள்வி (2021 அக்டோபர்): எனக்கு 43 வயது. திருச்சி உறையூரில் இருக்கிறோம். கணவர் தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். பெண் கல்லூரி முதல் வருடம், பையன் பத்தாவது. போன தீபாவளிக்கு எங்கும் போகவில்லை. இந்த மே மாதம் எங்கள் தெருவிலேயே கொரோனாவில் இரண்டு சாவு விழுந்த பிறகு வாசலைத் தாண்டவே பயமாகிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு குடும்பத்தோடு என்.எஸ்.பி. ரோட்டுக்குப் போய்த் துணி எடுக்க ஆசை. சமயபுரத்தில் ஒரு வேண்டுதல் பாக்கி. தீபாவளியன்று சினிமாவுக்குப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். கணவர் எதற்கும் ஒத்துவர மாட்டேன் என்கிறார். நாங்கள் இருவரும் கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டுவிட்டோம். பெண்ணுக்கு எதிர்த் தெரு பள்ளிக்கூட முகாமில் முதல் ஊசி போட்டாயிற்று. அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, 76 வயது, சர்க்கரை உண்டு. அவர் எங்கே வெளியே போகப்போகிறார் என்று அவருக்கு மட்டும் போடவில்லை. வெளியே போய் வந்தால் குளிக்காமல் யாரும் உள்ளே வருவதில்லை. காய்கறியைக்கூட மஞ்சள் தண்ணீரில் கழுவுகிறோம். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இன்னும் எத்தனை நாள் பயந்து கிடப்பது? யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: யார் சொல்வது சரி என்பதை அப்புறம் பார்க்கலாம். ஊசிக் கணக்குச் சொல்லும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'அவர் எங்கே வெளியே போகப்போகிறார் என்று அவருக்கு மட்டும் போடவில்லை.' அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எனக்கு இந்த வரி புதிதல்ல. வருகிற கடிதக் கட்டில் எப்படியும் இரண்டு மூன்று பேர் எழுதியிருப்பார்கள். அம்மா வீட்டோடு இருப்பவள், தாத்தா திண்ணையைத் தாண்டுவதில்லை, பாட்டி படுத்த படுக்கை, அவர்களுக்கு எதற்கு ஊசி என்று. எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள், சர்க்கரை ஏறிவிடுமே என்று காபியில் கணக்குப் பார்ப்பவர்கள். ஆனால் வெளியே போகிற நான்கு பேரில் ஊசிக்கு வயது வந்த மூன்று பேரும் போட்டுக்கொண்டு, போகாத ஒருவரை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை உட்கார்ந்து யோசிப்பதில்லை. அவர் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லையே அம்மா. நீங்கள்தான் போகிறீர்களே.

உங்கள் திட்டப்படியே பார்ப்போம். அக்டோபர் 31 ஞாயிறு, கடைவீதி. நவம்பர் 4 வியாழன், தீபாவளி. இடையில் நான்கு நாள். இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் டெல்டா வகை உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் அந்த நான்கு நாள்தான் ஆகிறது. தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே மூச்சிலும் பேச்சிலும் அடுத்தவருக்குப் போய்ச் சேர ஆரம்பித்துவிடும்.

வியாழக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? கூடத்தில் மனைப் பலகை போட்டு ஒவ்வொருவராக உட்கார, எண்ணெய் வைப்பது யார்? வீட்டுக்கு மூத்தவர்தான் வைக்க வேண்டும். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அத்தை குனிவார். பேரன் தூக்கக் கலக்கத்தில் அவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தொண்டை கொஞ்சம் கரகரக்கிறது என்பான். நேற்று அதிரசம் ஜாஸ்தி என்பீர்கள். உச்சந்தலையில் மூன்று தடவை எண்ணெய் வைத்து, 'நூறு வயசு இருடா' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காரியம் ஆகிவிடும். பையனுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகிச் சரியாகிவிடலாம். 76 வயதும் சர்க்கரையும் சேர்ந்த உடம்புக்கு அந்த உத்தரவாதத்தை யார் தருவது?

நாங்கள் இரண்டு ஊசி போட்டவர்கள் என்பீர்கள். போட்டது நல்லது, வந்தாலும் உங்களுக்கு லேசாகப் போய்விட நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் போட்டவர்களுக்கும் தொற்று வருகிறது, அவர்களிடமிருந்து பரவவும் செய்கிறது. உங்கள் ஊசி உங்களுக்குக் காவல். அத்தைக்கு அவர் கையில் போடும் ஊசிதான் காவல்.

குளியல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலுக்குக் குளிக்கலாம், மூக்குக்குள் இருப்பதைக் கழுவ எந்தச் சோப்பும் கிடையாது. இது முக்கியமாகக் காற்றில் பரவுவது. கத்தரிக்காய்க்கு மஞ்சள் நீராட்டு நடத்தும் நேரத்தில் அத்தை அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், புண்ணியமாகப் போகும்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள். கடைக்கு வேண்டாம், கோயிலுக்கு வேண்டாம், சினிமாவுக்கு வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லத் தெரிந்த மனிதருக்கு, பெற்ற தாயைக் கையைப் பிடித்து எதிர்த் தெருவுக்குக் கூட்டிப்போகத் தெரியவில்லையா? 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசி மார்ச் 1ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டது. உங்கள் வயதுக்காரர்களுக்கும் உங்கள் பெண்ணுக்கும் மே மாதம்தான் வழி திறந்தது. முறைப்படி அத்தைதான் உங்களுக்கு இரண்டு மாதம் முன்னால் வரிசையில் நின்றிருக்க வேண்டியவர். எட்டு மாதமாக அவர் முறை வந்து காத்துக்கொண்டிருக்கிறது. தானும் மனைவியும் போட்டுக்கொண்டு, மகளுக்கும் போட்டுவிட்டு வந்த பிள்ளை, அம்மாவைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை என்றால் அவருடைய ஜாக்கிரதை யாருக்காக? பயந்து நடுங்குவதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மேலும் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாய்க்குச் செய்ய வேண்டியதை மருமகள் நினைவுபடுத்தட்டும் என்று மகன் உட்கார்ந்திருப்பதை எந்தக் காலத்திலும் நான் ஒப்புக்கொண்டதில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அத்தையிடம் யாராவது கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. ஒருவேளை கேட்டு, 'எனக்கு எதுக்குடா, நான் இன்னும் எத்தனை நாள்' என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்தத் தலைமுறைப் பெண்கள் புதுப்புடவை வாங்கினாலும் அதைத்தான் சொல்வார்கள், கண் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். உங்களுக்குச் செலவும் அலைச்சலும் வைக்கக் கூடாது என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. தீபாவளிப் புடவை விஷயத்தில் மட்டும் 'சும்மா இருங்க அத்தை' என்று எடுத்துக் கொடுக்கிறோம் இல்லையா? இதற்கும் அதையே சொல்லுங்கள்.

நிஜமாகவே பயம் என்றால் அது வேறு. நடிகர் விவேக் ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் போனதிலிருந்து நம் ஊரில் நிறையப் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மறுக்கிறார்கள். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு இந்த மாதம் சொல்லிவிட்டது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பது ஊசியைத் தவிர்க்கக் காரணமே ஆகாது. சர்க்கரை இருப்பவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மட்டும் போடுகிற இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 30 சனிக்கிழமை அடுத்த மெகா தடுப்பூசி முகாம். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட முடியாதே என்று ஆட்கள் ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதால் முகாமையே சனிக்கு மாற்றியிருக்கிறார்கள். (ஊசி போட்டால் கறி கூடாது என்று எந்த டாக்டர் சொன்னாரோ, தெரியவில்லை.) ஆதார் அட்டை, ஒரு பாட்டில் தண்ணீர், சாப்பிட்ட வயிறு, இவ்வளவு போதும். காலையில் கூட்டம் சேர்வதற்குள் கூட்டிப்போங்கள். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். ராத்திரி காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால். அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றால் ஆட்டோ இருக்கிறது. எழுந்திருக்கவே முடியாது என்றால், அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து போட செப்டம்பரிலேயே மத்திய அரசு அனுமதி கொடுத்தாயிற்று. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே கோவிஷீல்டு இருக்கிறதா, கோவாக்சின் இருக்கிறதா என்று ஆராய்ந்து நாளைக் கடத்த வேண்டாம். இருப்பதைப் போடுங்கள்.

சனிக்கிழமை போட்ட ஊசி வியாழக்கிழமைக்குள் வேலை செய்துவிடாது. அதனால் இந்தத் தீபாவளியைப் பொறுத்தவரை அத்தை ஊசி போடாதவர் என்றே வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் மூன்று ஆசைக்கும் வருகிறேன்.

ஜவுளிக்கடை: ஞாயிறு கூடவே கூடாது. நீங்களும் கணவரும் மட்டும் போங்கள், வேலை நாளில், கடை திறந்த கையோடு. அவர் அரைநாள் லீவு போடட்டும். லிஃப்டில் ஏறாதீர்கள். குளிர்சாதனம் போட்டு மூடிய ஐந்து மாடிக் கடையைவிடத் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் சின்னக் கடை மேல். காதில் தொங்கும் துணி மாஸ்க் வேண்டாம், என்-95 போட்டு மூக்கின் மேல் அழுத்திவிடுங்கள். காற்றில் இந்தக் கிருமி சாம்பிராணிப் புகை மாதிரி. மூடிய அறையில் தங்கும், திறந்த வெளியில் கலைந்துவிடும். அதை நினைவு வைத்துக்கொண்டால் எந்த இடத்துக்குப் போகலாம், எங்கே கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெண் தனக்குப் பிடித்ததைத்தான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள். கடையிலிருந்தே வீடியோ காலில் காட்டுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பரவாயில்லை.

சமயபுரம்: அந்த மாரியம்மன் மாசி பங்குனியில் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி கிடப்பவள். வீட்டுக் கிழவியைக் காப்பாற்ற வேண்டுதலைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தேன் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வையுங்கள்.

சினிமா: இந்தத் தீபாவளிக்கு இல்லை. நவம்பர் 1 முதல் தியேட்டரில் நூறு சதவீதம் இருக்கை என்று அறிவித்துவிட்டார்கள். அரசாங்கம் அனுமதித்துவிட்டது என்பதால் அபாயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிழைப்பு நடக்க வேண்டுமே என்று திறக்கிறார்கள், அதுவும் நியாயம்தான். உங்கள் கூடத்தில் யார் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், குவாங்சோ நகரத்தில் ஜன்னல் இல்லாத ஒரு ஏசி ஓட்டலில் மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்டன. வூஹானிலிருந்து வந்த ஒருவருக்குத் தொற்று இருந்தது. அப்போது அவருக்கே அது தெரியாது. ஏசிக் காற்று சுற்றிய அந்த மூன்று மேசைகளிலும், அவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு வந்தது. அவர்களும் பண்டிகைக்குக் கிளம்பியவர்கள்தான், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக உட்கார்ந்ததோடு சரி. நீங்கள் மூன்று மணி நேரம் உட்காரப் போகிறீர்கள், இடைவேளையில் மாஸ்க்கைக் கழற்றிப் பாப்கார்ன் வேறு.

இந்த 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தினமும் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் வருகிறது, மே மாதம் மாதிரி 36,000 இல்லை. அதனால் உங்கள் கணவர் சொல்வதுபோல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதுபோல் மூன்றையும் ஒரே வாரத்தில் முடிக்கவும் வேண்டியதில்லை. எண்ணெய் வைக்கிற சடங்கை இந்த வருடம் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையால் படி ஏற முடியாது என்றால் வாசல் திண்ணையில். யாருக்காவது தும்மலோ தொண்டைக் கரகரப்போ இருந்தால் அவருக்கு நீங்கள் எண்ணெய் வையுங்கள், அத்தை தூரத்திலிருந்து வாழ்த்தட்டும்.

சனிக்கிழமை போடுவது கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசிக்கு 84 நாள் ஆக வேண்டும், அதாவது ஜனவரி 22. கோவாக்சின் என்றால் 28 நாள்தான், நவம்பர் 27. எந்தத் தேதியோ அதைக் காலண்டரில் உங்கள் கணவரே எழுதட்டும், அன்றைக்கும் அவரே கூட்டிப்போகட்டும். அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்து சினிமாவைப் பற்றி எனக்கு எழுதுங்கள். அதற்குள் படம் டிவியில் வந்திருந்தால் அத்தையோடு சேர்ந்து பாருங்கள்.